மடிக்கயிறு

விருதைத் துடைத்து வைக்கலாம் என்று அலமாரியின் மேல்தட்டிலிருந்து அதன் பெட்டியை இறக்கினேன். அடியில் என் களக் குறிப்பேடு இருந்தது. திறந்ததும் முதலில் வந்தது வாசம். காய்ந்த சேறும் உப்பும் இறால் ஓடும் கலந்த ஏரி வாசம், பன்னிரண்டு வருடங்கள் காகிதத்துக்குள் அடைபட்டுக் கிடந்தும் போகவில்லை. நான் வைத்த பக்கத்திலேயே உங்கள் கயிறு சுருண்டு கிடந்தது. ஒரு முழம் இருக்கும். பச்சை இழையும் வெள்ளை இழையும் சேர்த்து நீங்கள் தொடையில் வைத்து முறுக்கியது.

விருதைத் துடைக்க ஒரு காரணம் வந்திருந்தது. அதைக் கொடுத்த திரைப்பட விழாக்காரர்கள் கடிதம் எழுதியிருந்தார்கள். முன்பு பரிசு பெற்ற அறிவியல் ஆவணப்படங்களை இந்த முறை மறுபடியும் திரையிடுகிறார்களாம். நம் ஏரியைப் பற்றிய படமும் அதில் உண்டு. பின்னணி உரை எழுதியவன், அறிவியல் ஆலோசகன் என்ற முறையில் நான் வந்து ஐந்து நிமிடம் பேச வேண்டும், முடிந்தால் விருதையும் கொண்டு வர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. இப்போது உங்களுக்கு எழுதுவதில் பொருள் உண்டா என்று தெரியவில்லை. வாழ்நாள் முழுவதும் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன் நான். இறந்த பிறகு என்ன என்பது என் பாடத்திட்டத்தில் இருந்ததில்லை. ஆனால் நீங்கள் எதிரில் நின்று கேட்டபோது சொல்லாமல் விட்டேன். அதை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். வரிசைப்படுத்துவது ஒன்றுதான் எனக்கு ஒழுங்காக வரும்.

நாம் பழகியது தண்ணீரால். வாரம் ஒரு நாள் பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்து, திருப்பாலைவனம் தாண்டி, உங்கள் குப்பத்துக்கு வருவேன். நீங்கள் என்னைப் படகில் ஏற்றிக்கொள்வீர்கள். நான் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சொட்டுத் தண்ணீரை எடுத்துக் கண்ணாடிக் குழலில் விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உப்பின் அளவைக் குறித்துக்கொள்வேன். நீங்கள் விரலை நனைத்து நாக்கில் வைப்பீர்கள்.

“இன்னா சார் சொல்லுது உன் கொழாயி?”

“இருபத்திரண்டு.”

“என் நாக்கும் அதான் சொல்லுது. அதுக்கு நம்பர் தெரியாது, அவ்ளோதான்.”

என் மாணவர்கள் யாரும் என்னை இப்படிக் கிண்டல் செய்ததில்லை. நானும் யாரிடமும் அப்படிச் சிரித்ததில்லை. எங்கேயும் ஓரத்தில் உட்காரும் எனக்கு, உங்கள் படகில் நடுப்பலகையில் ஓர் இடம் இருந்தது.

பாடு முறையை எனக்குச் சொன்னதும் நீங்கள்தான். ஏரியில் இறால் கிடைக்கும் இடங்களைப் பாடு என்பீர்கள். எந்தப் பாட்டில் என்றைக்கு யார் வலை கட்டுவது என்பதை ஊர் கூடி வருடத்துக்கு ஒரு தடவை சீட்டுப் போட்டு முடிவு செய்யும். முறை உள்ளவர் முந்தின நாள் சாயங்காலமே அந்தப் பாட்டின் கம்பத்தில் தன் வீட்டுத் துணியைக் கட்டிவிட வேண்டும். உங்களுடையது நீலக் கட்டம் போட்ட லுங்கிக் கிழிசல். உங்கள் அக்கா மகன் ஏழுமலையுடையது சிவப்பு. துணி கட்டியவர் ஏதோ காரணத்தால் வராமல் போனாலும் வேறு யாரும் அங்கே வலையை இறக்கக் கூடாது.

“ஆள் வரலன்னா தண்ணி சும்மா கெடக்கணும் சார். அன்னிக்கு எறாவுக்கு லீவு. எங்க நைனா காலத்துலேர்ந்து அப்டித்தான்.”

அந்த விடுமுறை நாட்களில்தான் வளர்ந்த இறால்கள் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போய் முட்டையிடுகின்றன என்பது என் கணிப்பு. அதைக் கட்டுரையாக எழுதினேன். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ரகு என்ற ஆவணப்பட இயக்குநர் சென்னையிலிருந்து என்னைத் தேடி வந்தார். ஏரியின் உப்பு, இறாலின் பயணம், ஊரின் முறை மூன்றையும் சேர்த்து ஒரு படம். கேட்டபோது எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. உங்களைத்தான் நாயகராக வைக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அதில் மட்டும் எனக்கு இப்போதும் குற்ற உணர்வு இல்லை.

கடைசி நாள் படப்பிடிப்பு உங்களுக்கு நினைவிருக்கும். பெரிய காமிராவை அன்று மாலையே திருப்பிக் கொடுக்க வேண்டும். நீங்கள் வலை கட்டித் தூக்கும் காட்சி மட்டும் பாக்கி. உங்கள் முறை வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. அன்றைய முறை ஏழுமலையுடையது. முந்தின மாலை சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போனவனுக்கு, மாமியார் மீஞ்சூரில் இறந்துவிட்டதாகச் செய்தி வந்து குடும்பத்தோடு கிளம்பிவிட்டான். பாடு காலியாகக் கிடந்தது. வெயில் இன்னும் ஏறவில்லை. கம்பத்தில் சிவப்புத் துணி ஆடியது.

ரகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “சார், அந்தச் செவப்பு ஃப்ரேம்ல அட்டகாசமா இருக்கு. நீங்க சொன்னா அவரு கேப்பாரு.”

முறை என்னவென்று எனக்குத் தெரியும். அவருக்கு அதை விளக்கிச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். ஆனால் அவரிடம் முடியாது என்று சொல்வதைவிட உங்களிடம் கேட்பது எனக்குச் சுலபமாக இருந்தது. கூச்சம் உள்ளவர்கள் நல்லவர்கள் என்று ஒரு நினைப்பு உண்டு. என்னளவில் அது சரியில்லை. மறுக்க முடியாத இடத்தில் பணிந்துவிட்டு, நம்மை நேசிக்கிறவர்களிடம் போய் அதன் பாரத்தை இறக்கி வைப்பேன். அன்று அப்படித்தான் வந்து நின்றேன்.

“படத்துக்காக மட்டும்தான். சும்மா கட்டி, சும்மா தூக்கினால் போதும்” என்றேன்.

நீங்கள் சிவப்புத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். “இன்னா சார், முறைய எனக்கே எழுதிக் காட்டுனவன் நீ. நீயே கேக்கறியே.”

“வேண்டாமென்றால் வேண்டாம்” என்றேன். அப்படிச் சொன்னால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

நீங்கள் வலையின் பின்பக்கத்தை இழுத்து மடியில் போட்டுக்கொண்டீர்கள். இறால் போய்ச் சேரும் பை அது. அதைத்தான் மடி என்பீர்கள். அதன் வாயைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தீர்கள். உள்ளே வருவது எல்லாம் பின்னால் வெளியே போய்விடும்.

“மடி தொறந்து கெடந்தா அது வலையே இல்ல சார். வெறும் துணி.” அவிழ்த்த கயிற்றை என் சட்டைப் பையில் நீங்களே செருகினீர்கள். “இத நீ வெச்சிக்கோ. நாளைக்கு எவனாவது ஒரு பேச்சு கேட்டா, கயிறு உங்கிட்ட இருந்துதுன்னு சொல்லு. போதும்.”

அன்று சாயங்காலம் குறிப்பேட்டில் எழுதினேன்: ஏழுமலையின் முறை. படத்துக்காக வலை கட்டப்பட்டது. மடி திறந்திருந்தது. பிடிப்பு இல்லை. கயிறு இணைக்கப்பட்டுள்ளது. என் கையெழுத்து எப்போதும்போலத் தெளிவாக இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து உங்கள் சொந்த முறையில் நீங்கள் பிடித்த இறாலைக் கூடையில் கொட்டுவதை, ரகுவின் உதவியாளர் சிறிய காமிராவில் எடுத்தார். படத்தொகுப்பு அறையில் ரகு அந்த இரண்டையும் ஒட்டியிருந்தார். சிவப்புத் துணி, நீங்கள் வலையைத் தூக்குவது, அடுத்த நொடியில் கூடை நிறைய இறால். நடுவில் மடி திறந்து தொங்கும் சில நொடிகளை வெட்டிவிட்டிருந்தார்.

“அது தொங்கறதப் பாத்தா ஜனங்களுக்குப் புரியாது சார். அறிவியல்படி ஏதாவது தப்பா?”

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். “இல்லை. அதே ஏரி, அதே இறால்” என்றேன். உப்பைப் பற்றி யோசித்தேன், இறாலின் வகையைப் பற்றி யோசித்தேன், பருவத்தைப் பற்றி யோசித்தேன். துணியைப் பற்றி யோசிக்கவில்லை. அந்தக் காட்சிக்கு என் உரையில் இருந்த வரி எது என்று உங்களுக்குத் தெரியும்: “தன் முறை இல்லாத நாளில் இந்த ஏரியில் எவரும் வலை இறக்குவதில்லை.”

படத்துக்கு அந்த விழாவில் சிறந்த அறிவியல் படத்துக்கான விருது கிடைத்தது. ரகுவுக்கு ஒன்று, ஆலோசகன் என்று எனக்கு ஒன்று. மருமகனிடம் இரவல் வாங்கிய கோட்டில் நான் மேடை ஏறினேன். கலப்பில்லாத நேரடிப் பதிவு என்று நடுவர்கள் அந்த வலைக் காட்சியைத் தனியாகப் பாராட்டினார்கள். கைதட்டலில் எனக்குக் காது அடைத்துவிட்டது. ஊருக்கு வந்து உங்களிடம் காட்டினேன். இரண்டு கையிலும் மாற்றி மாற்றி எடை பார்த்தீர்கள்.

“நல்ல கனம் சார். ஒடச்சா ஒரு வலைக்கு ஈயம் கட்டலாம்.”

படத்தை ஊருக்குக் காட்டியது புயல் பாதுகாப்பு மையத்தில். ரகு வரவில்லை, படம் ஓட்ட ஓர் ஆளை மட்டும் அனுப்பியிருந்தார். பகல் வேளை என்பதால் ஜன்னல்களைத் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். ஆண்கள் தரையில், பெண்கள் சுவரோரம். முதலில் ஊர்த் தலைவர் உங்களுக்கும் எனக்கும் துண்டு போர்த்தினார். மேசையில் விருதை வைத்திருந்தோம். உங்கள் முகம் திரையில் வந்ததும் எல்லோரும் விசில் அடித்தார்கள். உங்கள் மனைவியை அக்கம்பக்கத்துப் பெண்கள் இடித்துச் சிரித்தார்கள். “பாருடி, உம்புருசன் சினிமா ஸ்டார் மாரி நிக்கறாரு.”

அப்புறம் அந்தக் காட்சி வந்தது. சுவரோரத்திலிருந்து ஒரு பெண் சாதாரணமாகத்தான் கேட்டாள். “அது ஏழுமலை வூட்டுத் துணி இல்ல?”

ஏழுமலை எழுந்து நின்றான். “நிறுத்து. பின்னால ஓட்டு.”

படம் ஓட்ட வந்தவர் பின்னால் ஓட்டினார். சிவப்புத் துணி. நீங்கள். வலை. கூடை நிறைய இறால். இன்னொரு முறை ஓட்டச் சொன்னான். என் வரியும் இன்னொரு முறை ஒலித்தது.

“என் மாமியார எட்த்துனு போன அன்னிக்கு, என் பாட்டுல நீ எறா புட்ச்சியா மாமா?”

“மடி தொறந்து இருந்துதுடா” என்றீர்கள்.

“தொறந்து இருந்தா எறா எங்கேர்ந்து கொட்டுது? வானத்துலேர்ந்தா?”

சிலர் சிரித்தார்கள். நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். ஒரே ஒரு முறை. என் மடியில் பை இருந்தது. பையில் குறிப்பேடு, குறிப்பேட்டில் கயிறு. எடுத்துக் காட்ட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

ஊர்த் தலைவர் என்னிடம் மரியாதையாகவே கேட்டார். “சார், கூடவே இருந்தவரு நீங்க. நீங்க சொன்னா ஊரு ஏத்துக்கும். இன்னா நடந்துது?”

அந்தச் சில நொடிகளில் என் மனசில் ஓடியதை மறைக்க விரும்பவில்லை. கயிற்றை எடுத்தால் காட்சி ஒட்டுவேலை என்று ஆகும். ஒட்டுவேலை என்றால் விருது பொய் என்று ஆகும். யாராவது விழாவுக்கு எழுதிப் போடுவார்கள். என் கல்லூரிக்குத் தெரியும். பேராசிரியர் ஆலோசனை சொன்ன லட்சணம் இதுதானா என்று கேட்பார்கள். நான் எழுந்து நின்று, வகுப்பில் பேசும் குரலில், “படப்பிடிப்பு பல நாட்கள் நடந்தது. எந்தக் காட்சி எந்த நாளில் எடுத்தது என்று இப்போது உறுதியாகச் சொல்ல இயலாது” என்றேன்.

வாக்கியம் ஒழுங்காக இருந்தது. தினமும் தேதியும் நேரமும் போட்டு எழுதுகிறவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

நீங்கள் தோளில் இருந்த துண்டை எடுத்தீர்கள். நாலாக மடித்து நாற்காலியின் மேல் வைத்துவிட்டு வெளியே போனீர்கள். அந்த வருடம் சீட்டில் உங்கள் பெயர் இல்லை என்று ஊர் நோட்டில் எழுதினார்கள். ஒரு வருடம் முழுவதும் நீங்கள் பிறத்தியார் படகில் கூலி ஆளாகக் கடலுக்குப் போனீர்கள். ஏரியில் பிறந்து ஏரியிலேயே கிழவரான மனிதர், அலையில் வாந்தி எடுத்துக்கொண்டு போனார் என்று கேள்விப்பட்டேன். நான் உப்பு அளக்க வேறு குப்பத்தைப் பார்த்துக்கொண்டேன். பயணத் தூரம் குறைவு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தோம். பொன்னேரி பஸ் நிலையத்தில். நீங்கள் ஆஸ்பத்திரிச் சீட்டோடு உட்கார்ந்திருந்தீர்கள். நான் தூணுக்குப் பின்னால் போகப் பார்ப்பதற்குள் கூப்பிட்டுவிட்டீர்கள். இளைத்திருந்தீர்கள். ஏரியில் உப்பு ஏறிவிட்டது, முகத்துவாரம் தூர்ந்துவிட்டது என்று எப்போதும்போலப் பேசினீர்கள். உங்கள் பஸ் வந்த பிறகு, எழுந்துகொண்டே கேட்டீர்கள்.

“அந்தக் கயிறு இருக்குதா சார்?”

“வீடு மாற்றினேன். எங்கேயோ இருக்க வேண்டும். தேடிப் பார்க்கிறேன்” என்றேன்.

“செரி. மெதுவா தேடு” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டீர்கள். நான் வீடு மாற்றவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதே தெருவுக்குத்தான் அதற்கு முந்தின பொங்கலுக்கும் ஆள் மூலம் நண்டு கொடுத்து அனுப்பியிருந்தீர்கள்.

விழாக் கடிதமும் கயிறும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நான்கு நாட்கள் கிடந்தன. ஐந்தாம் நாள் உங்கள் குப்பத்துக்குப் போனேன். சீட்டுப் போடும் நாள் என்று விசாரித்துக்கொண்டுதான் போனேன். அதே புயல் மையம். இப்போது ஊர்த் தலைவர் ஏழுமலை. தலை நரைத்திருந்தது.

“படம் புட்ச்ச சார்தானே? உள்ள வாங்க.”

எனக்குப் பேச வராது என்பதால் எழுதிக்கொண்டு போயிருந்தேன். இரண்டு பக்கம். முதல் பக்கத்தைப் படித்தேன்.  மீதியைப் படிக்காமல் குறிப்பேட்டைத் திறந்து, கயிற்றை எடுத்து ஏழுமலையின் முன்னால் வைத்தேன்.

பின்வரிசையில் ஒரு கிழவர் சொன்னார். “காலேஜ் சாரு பரிச்ச முடிஞ்சி பேப்பர் எட்த்துனு வந்துக்கிறாரு.” யாரும் சிரிக்கவில்லை.

ஏழுமலை கயிற்றைப் பிரித்துப் பார்த்தான். முறுக்கை விரலால் தடவினான். “இது மாமா கை முறுக்குதான்” என்றான்.  பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான். “அன்னிக்கு அவரு வாயால சொன்னாரு சார். நான் நம்பல. படத்த நம்புனேன். சயின்ஸ் படம், பரிசு வாங்குன படம், அது பொய் சொல்லுமான்னு நெனச்சேன்.”

ஊர் நோட்டில் எழுதியதை அடிக்கும் வழக்கம் இல்லையாம். கீழே எழுதலாம் என்றார்கள். பழைய நோட்டைத் தேடி எடுத்தார்கள். உங்கள் பெயருக்குக் கீழே இடம் இருந்தது. “நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன். படத்துக்கு எழுதுன மாரி அழகால்லாம் வேணாம்” என்றான் ஏழுமலை. நான் சொன்னேன்: அன்று மடி திறந்திருந்தது. இறால் வேறு நாளில், அவர் முறையில் பிடித்தது. கயிறு என்னிடம் இருந்தது. ஊர் கேட்டபோது நான் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

வெளியே உங்கள் மனைவி நின்றிருந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கயிற்றை அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

“இத்தினி வருசமா உன் வூட்லயேவா இருந்துது?”

“ஆமாம்மா.”

“அவரு இருந்தப்போ ஒரு நாளு எட்த்துனு வந்திருக்கக் கூடாதா சார்? ஒண்ணும் வேணாம். அந்த மனுசன் ஒரு வாய் சோறு நிம்மதியா துன்னுட்டுப் போயிருப்பாரு.”

 கயிற்றை வைத்துக்கொள்ளும்படி மறுபடியும் கேட்டேன்.

“உங்கிட்ட தானே குட்த்தாரு. நீயே வெச்சிக்கோ” என்று சொல்லிவிட்டு அவர் குப்பத்துக்குள் நடந்தார்.

விழாவுக்குப் பதில் எழுதிவிட்டேன். திரையிடுவதற்கு முன்னால் எந்தக் காட்சி எந்த நாளில் எடுத்தது என்பதை நான் மேடையில் சொல்ல அனுமதிக்க வேண்டும், அதற்குப் பிறகு விருதை அவர்களிடமே ஒப்படைப்பேன் என்று எழுதினேன். தபாலில் சேர்த்த பிறகு, அது வழியில் தொலைந்துபோனால் நன்றாக இருக்கும் என்று இரண்டு நாள் நினைத்தேன். இதையும் உங்களிடம் சொல்லத்தான் வேண்டும். நான் ஒன்றும் துணிச்சல்காரனாக மாறிவிடவில்லை. பதில் இன்னும் வரவில்லை.

கயிற்றை மறுபடி குறிப்பேட்டில் வைக்கவில்லை. நீங்கள் செருகிய இடத்திலேயே, சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். சட்டை மாற்றும்போது கயிறும் மாறுகிறது. கடையில் சில்லறை எடுக்கப் போனால் விரலில் தட்டுப்படுகிறது. பஸ் நிலையத்தில் நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்கு ஒரே ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம்.

இருக்கிறது.